ஜிசி-எம்எஸ் சோதனைக்கு எண்ணெய் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

செடியிலிருந்து வாசனை எண்ணெய் வடித்து, அதில் என்னென்ன இருக்கிறது என்று ஜிசி-எம்எஸ் கருவியில் (கலவையை ஆவியாக்கி, நீண்ட குழாயில் ஓட்டிப் பிரித்து, ஒவ்வொரு பொருளையும் உடைத்து, துண்டுகளின் எடையை வைத்து அடையாளம் காணும் கருவி) பார்க்கத் தனியார் ஆய்வகத்தைத் தேடுகிறீர்களா? பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என்னிடம் பணம் வாங்கிக்கொண்டு ஓர் ஆய்வகம் கொடுத்தது வெறும் காகிதம்தான்.

நான் அனுப்பியது எலுமிச்சைப்புல் எண்ணெய். இலையை நறுக்கி, கிளெவெஞ்சர் கருவியில் தண்ணீரோடு கொதிக்கவிட்டு வடித்தது. நீரற்ற சோடியம் சல்பேட் போட்டு ஈரத்தை எடுத்து, பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து அனுப்பினேன். இந்த எண்ணெயில் பெரும்பங்கு சிட்ரல்தான். நல்ல எண்ணெயில் 70 சதவீதத்துக்குக் குறையாது. சிட்ரல் என்பது நெரல், ஜெரானியல் என்ற இரண்டு ஐசோமர்களின் (ஒரே அணுக்கள், அமைப்பு மட்டும் வேறு) கலவை. ஆகவே கருவி தரும் வரைபடத்தில் இரண்டு பெரிய பீக் (ஒவ்வொரு பொருளுக்கும் கூம்புபோல் எழும் கோடு) அருகருகே நின்றாக வேண்டும்.

வந்த அறிக்கையில் இரண்டுமே இல்லை. பட்டியலில் முதலிடம் ஹெக்ஸாடெக்கனோயிக் அமிலத்துக்கு, அதாவது பால்மிடிக் என்ற கொழுப்பு அமிலத்துக்கு. அடுத்து இலைப் பச்சையத்திலிருந்து வரும் பைட்டால், ஒரு தாலேட், ஒரு சிலாக்சேன். தாலேட் பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் பொருள். சிலாக்சேன், கருவிக்குள் இருக்கும் நீண்ட குழாயின் உட்பூச்சு சூட்டில் சிதைந்து வருவது. அந்தக் கருவியின் அழுக்கை என் எண்ணெயின் கூறுகளாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘புற்றுநோய் எதிர்ப்பு’, ‘கிருமி எதிர்ப்பு’ என்று மருத்துவக் குணமும் போட்டிருந்தார்கள். இதைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. இப்படிப்பட்ட அட்டவணையை நம்பி யாராவது ஒருவர் அந்த எண்ணெயை மருந்தென்று குடித்தால் யார் பொறுப்பு?

வரைபடத்தின் மூலையில் கருவியே அச்சிட்ட தேதி இருந்தது. என் குப்பி அவர்கள் கைக்குப் போய்ச் சேர்வதற்கு முந்தைய தேதி அது. வேறு யாருடைய மாதிரியையோ, அநேகமாக ஏதோ ஓர் இலைச்சாற்றை ஓட்டிய தாளில் என் பெயரை ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

கேட்டதற்கு, “லைப்ரரி மேட்ச் 90க்கு மேல இருக்கு சார், மெஷின் பொய் சொல்லாது” என்றார்கள். கருவி பொய் சொல்லாது, சரி. ஆனால் மேட்ச் எண் என்பது, ஒரு பொருளின் நிறமாலை (அதன் துண்டுகளின் எடைக் கோலம்) லைப்ரரியில், அதாவது கருவியில் சேமித்து வைத்த தொகுப்பில், இருப்பதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதுதான். அது மட்டும் ஒரு சேர்மத்தை அடையாளம் காட்டிவிடாது. வாசனை எண்ணெய்களில் வரும் பைனீன், சபினீன், லிமோனீன் என்ற மோனோடெர்பீன்கள் எல்லாமே C10H16 தான், மூலக்கூறு எடை 136. மோனோடெர்பீன்கள் பலவற்றின் நிறமாலை ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். லைப்ரரி அவற்றில் எதை வேண்டுமானாலும் முதலில் காட்டும். அதனால்தான் கூடவே ரிடென்ஷன் இண்டெக்ஸ் பார்க்க வேண்டும். ஆல்கேன் வரிசை ஒன்றை (கார்பன் எண்ணிக்கை ஒவ்வொன்றாகக் கூடும் ஹைட்ரோகார்பன்கள்) அதே நிலையில் ஓட்டி, ஒவ்வொரு பீக்கும் எந்த இரண்டு ஆல்கேன்களுக்கு நடுவே வருகிறது என்று கணக்கிடுவது இது. 12 கார்பன் ஆல்கேனுக்கு எண் 1200, 13 கார்பனுக்கு 1300. 1958-இல் கோவாட்ஸ் கொடுத்த முறை. சூடு படிப்படியாக ஏறும் ஓட்டத்துக்கு ஏற்ற கணக்கு 1963-இலேயே வந்துவிட்டது. டிபி-5 வகைக் குழாயில் (பலரும் பயன்படுத்தும் ஓர் உட்பூச்சு வகை) நெரல் 1240-ஐ ஒட்டியும் ஜெரானியல் 1270-ஐ ஒட்டியும் வரும். என் அறிக்கையில் இந்த எண்களுக்கு ஒரு பத்திகூட இல்லை.

இன்னொன்று, குழாயின் தொடக்கச் சூடு. அறிக்கையில் 110 டிகிரி என்று இருந்தது. கொழுப்பு அமிலம் நிறைந்த சாறுகளுக்கு அது போதும். வாசனை எண்ணெயை 50, 60 டிகிரியில் தொடங்கி நிமிடத்துக்கு 3 டிகிரி போல மெதுவாக ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் மிர்சீன் போன்ற லேசான பொருட்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து தொலைந்துவிடும். எல்லாருடைய மாதிரிக்கும் ஒரே முறைதான் போலிருக்கிறது.

அப்புறம், அறிக்கையைக் காட்டி எண்ணெய் விற்பவர்களிடம் வாங்குகிறவர்களும் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வாசனை எண்ணெயில் பாதிக்குச் சமையல் எண்ணெய் கலந்திருந்தாலும் வரைபடம் அழகாகவே இருக்கும். ஏனென்றால் கனமான கொழுப்பு ஆவியாகி அந்தக் குழாயைத் தாண்டி வராது. வெளியே வந்தவற்றைத்தான் 100 சதவீதமாக வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டுக் காயவிடுங்கள். எண்ணெய்ப்பசைக் கறை ஒளி ஊடுருவுவதுபோல் அப்படியே நின்றால் சந்தேகப்படுங்கள்.

சோதனைக்குக் கொடுப்பதாக இருந்தால், ரா டேட்டா கோப்பும் (கருவி பதிந்த மூலக் கோப்பு) ஆல்கேன் ஓட்டமும் வெறும் கரைப்பானை மட்டும் ஓட்டிய பிளாங்க் வரைபடமும் தருவோம் என்று பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தயங்கினால் வேறு இடம் பாருங்கள். நான் ரா டேட்டா கேட்டதும் “அது கம்பெனி பாலிசி இல்லை” என்றார்கள். தேதியைச் சுட்டிக்காட்டி எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை, பணமும் திரும்பவில்லை. மிச்சமிருந்த எண்ணெயை இன்னோர் ஆய்வகத்தில் ஓட்டினேன். நெரலும் ஜெரானியலும் வர வேண்டிய இடத்தில் வந்தன. அந்த முதல் அறிக்கையையும் இந்த இரண்டாவதையும் சேர்த்து நுகர்வோர் புகாராகக் கொடுத்திருக்கிறேன்.