வீடு முழுவதற்குமான வைஃபை: ஒற்றை ரூட்டரில் தொடங்கிக் கேபிளில் நிலைபெற்ற மூன்றாண்டு அனுபவம்

இரண்டு தளங்கள், செங்கல் சுவர்கள், இடையில் கம்பி கட்டிய கான்கிரீட் கூரை என்று அமைந்த ஒரு வீட்டின் எல்லா அறைகளுக்கும் வைஃபை எட்ட வேண்டும் என்பதற்காகக் கடந்த மூன்றாண்டுகளில் மூன்று விதமான அமைப்புகளைப் பயன்படுத்தியிருக்கிறேன். முதலில் நான்கு ஆன்டெனாக்கள் கொண்ட ஒற்றை ரூட்டர், அடுத்து மூன்று பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் மெஷ், கடைசியாக அதே மெஷ் பெட்டிகளைக் கேபிளால் இணைத்த இன்றைய அமைப்பு. வாங்கிய வாரத்தில் குறையே தெரியாத ஒரு கருவி ஆறாவது மாதத்தில் வேறு முகம் காட்டுவது இந்தத் துறையில் சாதாரணம் என்பதால், ஒவ்வொன்றையும் பல மாதங்கள் பயன்படுத்திய பிறகே என் முடிவுகளுக்கு வந்தேன். அவற்றுள் முதன்மையானது இது: ரூட்டரின் விலையையும் பெட்டியில் அச்சிட்ட எண்ணையும் விட, அதை வைக்கும் இடமும் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குத் தரவு போகும் வழியுமே வீட்டின் கடைசி அறையில் கிடைக்கும் வேகத்தைத் தீர்மானிக்கின்றன.

அச்சிட்ட எண்ணை நம்பித்தான் நானும் தொடங்கினேன். முதல் ரூட்டரின் பெட்டியில் ஏஎக்ஸ் 5400 என்று இருந்தது; ஏஎக்ஸ் என்பது வைஃபை 6 தலைமுறையைக் குறிக்கிறது. அது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 574 மெகாபிட், 5 கிகாஹெர்ட்ஸில் 4804 மெகாபிட் என்ற இரு உச்சவரம்புகளைக் கூட்டி, முழு எண்ணாகச் சொல்லும் கணக்கு. ஒரு கைபேசி ஒரு நேரத்தில் இவற்றுள் ஒரு அலைவரிசையில்தான் பொதுவாக இணைகிறது. பெரும்பாலான கைபேசிகளில் வைஃபைக்கு இரண்டு ஆன்டெனாக்களே இருப்பதால், 80 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில் (அலைவரிசைக்குள் ஒதுக்கப்படும் பாதையில்) வைஃபை 6 வழியாக இணையும்போது திரையில் தெரியும் இணைப்பு வேகம் அதிகபட்சம் 1201 மெகாபிட்தான். ரூட்டருக்கு எதிரில் அமர்ந்திருக்கும்போதுகூடக் கோப்பு நகரும் உண்மையான வேகம் அதைவிடக் கணிசமாகக் குறைவு. ஏஎக்ஸ் 3000 என்று எழுதியிருக்கும் ரூட்டரை வாங்கியிருந்தாலும் என் கைபேசிக்கு ஏறத்தாழ இதே பயன் கிடைத்திருக்கும் என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டேன்.

அந்த ரூட்டர் இருந்த இடம் இன்னொரு சிக்கல். ஃபைபர் இணைப்பு வீட்டு வாசலை ஒட்டிய மூலையில் நுழைந்ததால், ரூட்டரையும் அங்கேயே, தொலைக்காட்சிக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். அலை எல்லாத் திசைகளிலும் பரவுகிறது. மூலையில் வைத்தால் அதில் பெரும்பகுதி வெளிச்சுவரைத் தாண்டித் தெருவுக்கே போய்விடுகிறது. தொலைக்காட்சியின் உலோகத் தகடும் பக்கத்தில் இருந்த இரும்பு அலமாரியும் எஞ்சியதைத் தடுத்தன. மேல்தளத்தின் பின்னறையில் என் மகள் பாடம் பார்க்கும்போது, "அப்பா, மறுபடியும் சுத்திக்கிட்டே இருக்குப்பா" என்று படிக்கட்டிலிருந்து குரல் கொடுப்பாள். நான் கீழே நின்று வேகச் சோதனை செய்தால் எண் நிறைவாகவே இருக்கும். நான் அளந்த இடமும் அவள் பயன்படுத்திய இடமும் வேறு வேறு என்பதுதான் காரணம்.

அதனால் அளக்கும் முறையை மாற்றினேன். சிக்னல் வலிமையை டிபிஎம் அளவில் காட்டும் செயலி ஒன்றைக் கைபேசியில் நிறுவிக்கொண்டு, எல்லாக் கதவுகளையும் சாத்திவிட்டு, மக்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, படுக்கும் இடத்தில் படுத்து, கைபேசியை வழக்கமாகப் பிடிப்பதைப் போலவே பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அறையின் அளவையும் தாளில் குறித்தேன். இந்த அளவு எதிர்மறை எண்ணில் வரும். பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலிமை கூடுகிறது என்று பொருள். மைனஸ் 50 மிக நல்ல நிலை. காணொளி அழைப்பு தடையின்றி ஓட மைனஸ் 67 அளவுக்காவது வேண்டும். மைனஸ் 80க்கு வந்துவிட்டால் இணைப்பு பெயரளவில்தான் இருக்கும். இது மடக்கை அளவு என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்: 3 டெசிபல் குறைந்தால் திறன் பாதியாகிறது, 10 டெசிபல் குறைந்தால் பத்தில் ஒரு பங்காகிறது. என் தாளில் கூடத்தில் மைனஸ் 41 என்றும், மேல்தளப் பின்னறையில் மைனஸ் 82 என்றும் இருந்தது. ரூட்டரை ஆறு மீட்டர் நீளக் கேபிள் மூலம் கூடத்தின் நடுச்சுவருக்கு நகர்த்தி, தலைக்கு மேலான உயரத்தில் பொருத்தியதும் அதே பின்னறை மைனஸ் 73க்கு வந்தது. கேபிளைத் தவிரப் புதிதாக எதையும் வாங்காமல் கிடைத்த இந்த முன்னேற்றத்தை, ரூட்டர் மாற்ற நினைக்கும் ஒவ்வொருவரும் முதலில் முயன்று பார்க்க வேண்டும் என்று வலியுறுத்துவேன்.

ஆனாலும் மைனஸ் 73 போதவில்லை. இடையில் ஒரு ரிப்பீட்டரை மூன்று வாரம் வைத்துப் பார்த்தேன். அது வாங்கிய ஒவ்வொரு தரவையும் அதே அலைவரிசையில் மீண்டும் அனுப்புவதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். சிக்னல் கோடுகள் முழுமையாகத் தெரிந்தும் பக்கம் திறக்காத நிலையை அதில்தான் முதன்முறையாகப் பார்த்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

அடுத்து மூன்று பெட்டிகள் கொண்ட மெஷ் வந்தது. ஒரே பெயர், ஒரே கடவுச்சொல், ஒரே செயலியில் கட்டுப்பாடு என்பதால் வீட்டில் மற்றவர்களுக்கு நிம்மதி. முதல் மாதம் எனக்கும் குறை தெரியவில்லை. ஆனால் மெஷ் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வழி, அதாவது பேக்ஹால் என்று சொல்லப்படுவது, கம்பியில்லா வழியாக இருக்கும்போது ரிப்பீட்டரின் சிக்கல் வேறு வடிவில் திரும்பி வருகிறது. நான் வாங்கியது இரட்டை அலைவரிசை வகை. கைபேசிக்குத் தரவு கொடுக்கும் அதே 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோதான் முதன்மைப் பெட்டியோடும் பேச வேண்டும். மூன்று அலைவரிசை வகையில் பெட்டிகளுக்கிடையேயான பேச்சுக்கென்றே ஒரு ரேடியோவை ஒதுக்க முடியும் என்பதால், கேபிள் போட வழியே இல்லாத வீடுகளில் அந்த வகையைத் தேர்ந்தெடுப்பது நியாயமான செலவு. என் வீட்டில் இரண்டாம் பெட்டியை முதலில் பின்னறையிலேயே வைத்திருந்தேன். சிக்னல் மோசமாக இருக்கும் இடத்தில்தான் பெட்டி தேவை என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் அந்த இடத்தில் பெட்டிக்கே நல்ல சிக்னல் கிடைக்காதபோது, அது கைபேசிக்கு எதைக் கொடுக்கும்? முதன்மைப் பெட்டியின் சிக்னல் இன்னும் வலுவாக இருக்கும் படிக்கட்டுத் திருப்பத்துக்கு அதை மாற்றியதும் பின்னறையின் வேகம் ஏறத்தாழ இரு மடங்கானது. ஆறு மாதம் அப்படியே ஓடியது. மாலையில் மூன்று பேர் ஒரே நேரத்தில் காணொளி பார்க்கும் வேளைகளில் மட்டும் இணைப்பு தள்ளாடியது.

கேபிள் போடுவதென்று முடிவெடுத்தது அதன் பிறகுதான். முழுச் செம்புக் கம்பியாலான கேட் 6 கேபிள் வாங்கினேன். செம்பு பூசிய அலுமினியக் கம்பியும் அதே பெயரில் விற்கப்படுகிறது; தரநிலைகள் கேட்பது முழுச் செம்பைத்தான் என்பதால், உறையின் மேல் அச்சடித்திருப்பதைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும். உண்மையில் 100 மீட்டர் வரை கிகாபிட் வேகத்துக்குக் கேட் 5இ கேபிளே போதும். சுவருக்குள் ஒருமுறை போட்டால் மாற்ற முடியாது என்ற எண்ணத்தில்தான் ஒரு படி மேலே போனேன். மின்கம்பி செல்லும் குழாயைத் தவிர்த்து, தனிக் குழாயில் கேபிளை இழுத்து, இரு முனைகளிலும் ஆர்ஜே 45 கனெக்டரை நானே அழுத்திப் பொருத்தினேன் (கிரிம்ப் செய்தேன்).

இணைத்த அன்று பெட்டிகளின் விளக்குகள் எல்லாம் எரிந்தன, இணையமும் வந்தது. ஆனால் மேல்தளத்தில் எத்தனை முறை சோதித்தாலும் வேகம் 94 மெகாபிட்டைத் தாண்டவில்லை. கம்பியில்லா இணைப்பில் வேகம் ஏறி இறங்கும். இப்படி ஒரே எண்ணில் நின்றால் எங்கோ ஒரு 100 மெகாபிட் இணைப்பு இருக்கிறது என்று பொருள். மேல்முனைக் கனெக்டரை விளக்கு வெளிச்சத்தில் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தேன். எட்டு இழைகளில் ஏழு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கின் முனைவரை போய்த் தொட்டு நின்றன. கடைசிப் பழுப்பு இழை மட்டும் ஒரு மில்லிமீட்டர் குறைவாக, செம்பு முனை உள்ளே ஒளிந்தபடி இருந்தது. 100 மெகாபிட் இணைப்புக்கு இரண்டு ஜோடி இழைகள் போதும், கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிகளும் வேண்டும். ஒன்று விடுபட்டாலும் கருவிகள் புகார் சொல்லாமல் கீழ் வேகத்துக்கு இறங்கிவிடுகின்றன. கனெக்டரை வெட்டி எறிந்துவிட்டு, உறையைச் சற்றுக் கூடுதலாக உரித்து, இழைகளை வரிசைப்படுத்தி, முனைகளை ஒரே நேர்கோட்டில் நறுக்கி மீண்டும் அழுத்தினேன். கேபிள் போட்டவர்கள் வேலை முடிந்தது என்று சொன்னாலும், ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில், கேபிள் மாட்டிய போர்ட்டின் இணைப்பு வேகம் 1000 என்று காட்டுகிறதா என்பதைப் பார்க்காமல் அவர்களை அனுப்பாதீர்கள். இந்த வேலையில் மிக எளிதாகத் தவறிப்போவதும், பிறகு மிகக் கடினமாகக் கண்டுபிடிக்கப்படுவதும் இதுதான்.

கேபிள் பேக்ஹாலுக்கு மாறிய பிறகு மாலை நேரத் தள்ளாட்டம் நின்றது. ஒன்றரை ஆண்டுகளாகத் திரும்பவில்லை. இருந்தும் ஒரு பழைய குறை மிச்சமிருந்தது. கீழ்த்தளத்திலிருந்து பேசிக்கொண்டே மாடிக்குப் போனால், கைபேசி கீழே உள்ள பெட்டியையே விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். எந்தப் பெட்டியோடு இணைவது என்பதைக் கடைசியில் முடிவு செய்வது கைபேசிதான், ரூட்டர் அல்ல. பெட்டி மாறுவதற்கென்று உள்ள 802.11கே, வி, ஆர் ஆகிய வசதிகள் அந்த முடிவுக்கு உதவுகின்றன, வற்புறுத்துவதில்லை. ஐபோன் தன் தற்போதைய சிக்னல் மைனஸ் 70ஐத் தாண்டிக் கீழே இறங்கும்வரை மாற்று இடம் தேடுவதில்லை என்று ஆப்பிள் நிறுவனத்தின் ஆவணமே சொல்கிறது. பெட்டிகள் அனைத்தும் முழுத் திறனில் ஒலிபரப்பும்போது மாடியிலும் கீழ்ப்பெட்டி மைனஸ் 66 என்றே தெரிந்தால், கைபேசி ஏன் மாற வேண்டும்? ஆகவே அனுப்பும் திறனை உயர்விலிருந்து நடுத்தரத்துக்குக் குறைத்தேன். வலிமையைக் குறைத்துப் பயனைக் கூட்டுவது முதலில் மனத்துக்கு ஒப்பவில்லை. ஆனால் அன்றிலிருந்து படிக்கட்டின் பாதியிலேயே கைபேசி மாறிவிடுகிறது. திறனைக் கூட்டுவதில் இன்னொரு ஏமாற்றமும் உண்டு. ரூட்டர் உரக்கப் பேசினால் கைபேசிக்குக் கேட்கும், ஆனால் கைபேசியின் மெல்லிய குரல் ரூட்டருக்குக் கேட்க வேண்டுமே.

அமைப்பின்போது கவனிக்க வேண்டியவற்றுள் இரட்டை ரூட்டர் சிக்கலை முதலில் சொல்வேன். இணைய சேவையோடு வரும் ஃபைபர் பெட்டியும் ஒரு ரூட்டராக இயங்குவதால், நம் ரூட்டரையும் அதன் பின்னால் மாட்டினால் வீட்டுக் கருவிகளின் முகவரியை இணையத்துக்கான முகவரியாக மாற்றும் வேலை இரண்டு முறை நடக்கிறது. பக்கங்கள் திறப்பதில் வேறுபாடு தெரியாது. இணைய விளையாட்டுகளும், வெளியிலிருந்து கேமராவைப் பார்ப்பதும் பாதிக்கப்படலாம். ஃபைபர் பெட்டியை, ரூட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்தும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும், அல்லது நம் பெட்டிகளை வைஃபை மட்டும் கொடுக்கும் அக்சஸ் பாயின்ட் முறையில் வைக்க வேண்டும். நான் முன்னதைத் தேர்ந்தெடுத்தேன். எந்த வழியானாலும், ஃபைபர் பெட்டியின் சொந்த வைஃபையை அணைத்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அதுவும் அதே காற்றில் இடம் பிடித்துக்கொள்ளும்.

சேனல் விஷயத்தில், 2.4 கிகாஹெர்ட்ஸை 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் வைத்து, ஒன்றன் மேல் ஒன்று படியாத 1, 6, 11 ஆகியவற்றை மூன்று பெட்டிகளுக்கும் பகிர்ந்து கொடுத்தேன். 5 கிகாஹெர்ட்ஸில் 160 மெகாஹெர்ட்ஸ் அகலம் ஆசை காட்டும். ஆனால் 36இல் தொடங்கும் அந்த அகலச் சேனல், ரேடார்களோடு பகிர்ந்துகொள்ளப்படும் 52 முதல் 64 வரையிலான பகுதியையும் உள்ளடக்கியது. அங்கே ரூட்டர் ஒரு நிமிடமாவது காது கொடுத்துக் கேட்ட பிறகே ஒலிபரப்பத் தொடங்கலாம், ரேடாரை உணர்ந்தால் உடனே விலகவும் வேண்டும். அலுவலக அழைப்பின் நடுவே இணைப்பு அறுந்த இரண்டு நாள்களின் பதிவேட்டை ரூட்டரில் திறந்து பார்த்தபோது, இரண்டிலும் ரேடார் கண்டறியப்பட்டதாகவே எழுதியிருந்தது. 80 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைத்துவிட்டேன். அழைப்பு அறுபடாமல் இருப்பதற்கு அந்தக் கூடுதல் வேகம் ஈடாகாது.

மின்விளக்கு, பிளக் போன்ற ஸ்மார்ட் கருவிகளில் பல 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டுமே அறிந்தவை. அவற்றுக்கென்று அந்த அலைவரிசையில் தனிப் பெயரில் ஒரு விருந்தினர் வலையமைப்பைத் திறந்து வைத்திருக்கிறேன். அவை வீட்டுக் கணினிகளைத் தொடாமல் இருக்கும், இணைப்பதும் எளிது. பாதுகாப்பு முறையைப் பொறுத்தவரை முதன்மை வலையமைப்பில் டபிள்யூபிஏ 3, பழைய கருவிகளுக்கு டபிள்யூபிஏ 2. பெட்டிகளின் உள்மென்பொருளான ஃபர்ம்வேரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நானே பார்த்துப் புதுப்பிக்கிறேன்.

இப்போது மேல்தளப் பின்னறை மைனஸ் 52. மகள் படிக்கட்டிலிருந்து குரல் கொடுப்பதில்லை. எஞ்சியிருப்பது பால்கனி மட்டும்: கண்ணாடிக் கதவைச் சாத்தினால் மைனஸ் 76, செய்தி அனுப்பலாம், அழைப்பு பேச முடியாது. அங்கே வெயிலும் மழையும் தாங்கக்கூடிய, கேபிள் வழியாகவே மின்சாரம் பெறும் அக்சஸ் பாயின்ட் ஒன்றைப் பொருத்துவதாக இருக்கிறேன். மாடியில் கேபிள்களைப் பிரித்துக் கொடுக்கும் சுவிட்ச், கேபிள் வழியே மின்சாரம் கொடுக்காத வகை என்பதால், இடையில் கேபிளில் மின்சாரத்தைச் சேர்க்கும் ஓர் இன்ஜெக்டர் வேண்டும். கேபிளுக்கான துளையைச் சன்னல் சட்டத்தின் கீழ்மூலையில், மழைநீர் உள்ளே வராதபடி வெளிப்பக்கம் சரிவாகப் போட வேண்டும்.