எட்டு சேனல் லாஜிக் அனலைசர்: தோட்டத்து டைமரின் நோயைக் காட்டிய பெட்டி

சிப்புகளுக்கு இடையே ஓடும் மின் சிக்னல்களை 0, 1 எனப் பதிவு செய்து திரையில் காட்டும் பெட்டிதான் லாஜிக் அனலைசர். 650 ரூபாய்க்கு வாங்கினேன். 24 மெகாஹெர்ட்ஸ் (நொடிக்கு 2.4 கோடி முறை வரை சிக்னலைப் பார்க்கும்), எட்டு சேனல் (ஒரே நேரத்தில் எட்டு கம்பிகள்), தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. பிராண்ட் எதுவும் கிடையாது. உடன் வருவது ஜம்பர் ஒயர்களும் ஒரு மினி யூஎஸ்பி கேபிளும் மட்டும்தான். ஐசி (சிப்) காலைப் பிடிக்கும் கிளிப் தனியாக வாங்க வேண்டும்.

மாமா தோட்டத்து போர் மோட்டாருக்கு நான் செய்து கொடுத்த டைமர் அடிக்கடி உறைந்து போனது. ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் பலகையும் டிஎஸ்3231 கடிகார மாட்யூலும், ஐ2சி என்ற இரு கம்பித் தொடர்பு வழியே பேசும் அமைப்பு. "மாப்ள, மறுபடியும் ஆறு மணிலயே நிக்குது" என்று மாமா போன் செய்வார். கரண்டை நிறுத்திப் போட்டால் சில நேரம் எழும், சில நேரம் எழாது. மாட்யூலின் பட்டன் பேட்டரியையும் கழற்றி மாட்டினால்தான் உறுதியாக எழும். மாட்யூல்தான் கெட்டது என்று நினைத்து இரண்டு மாற்றிவிட்டேன்.

அனலைசரின் இரண்டு சேனலை ஐ2சி-யின் எஸ்டிஏ (தரவு), எஸ்சிஎல் (கிளாக் துடிப்பு) கம்பிகளில் மாட்டினேன். கிரவுண்டையும் மறக்காமல் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் திரையில் குப்பைதான் வரும். பதிவைத் திரையில் காட்டும் பல்ஸ்வியூ இலவச மென்பொருள். விண்டோஸில் ஸாடிக் என்ற சிறு மென்பொருள் மூலம் டிரைவர் மாற்றும் வேலை ஒன்று உண்டு. 100 கிலோஹெர்ட்ஸில் ஓடும் இந்த ஐ2சி பஸ்ஸுக்கு (கம்பித் தொடர்புக்கு) 1 மெகாஹெர்ட்ஸ் சாம்பிளிங், அதாவது நொடிக்குப் பத்து லட்சம் முறை பார்ப்பது போதும். பெட்டிக்குள் நினைவகம் இல்லை, எல்லாம் நேரே லேப்டாப்புக்குப் போகிறது. அதனால் மெதுவான வேகத்தில் நீண்ட நேரம் பதிவு செய்யலாம்.

மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் காந்த சுவிட்சான காண்டாக்டரைக் கையால் திரும்பத் திரும்ப இயக்கினேன். பதினேழாவது முறை சிக்கியது. டிஎஸ்3231-இன் ஹெக்ஸ் 68 முகவரி, ரீட் (படிக்கும் கட்டளை), ஏக் ('கிடைத்தது' என்ற பதில்), அடுத்து பாதி பைட். அங்கே எஸ்சிஎல் மேலே போய் நின்றது, எஸ்டிஏ கீழேயே கிடந்தது. அதற்கப்புறம் ஒரு துடிப்பும் இல்லை. காண்டாக்டர் இழுக்கும் நொடியில் ஊனோ ரீசெட் ஆகிறது. டிஎஸ்3231-க்கு அது தெரியாது. பூஜ்ய பிட்டைப் பிடித்தபடி அடுத்த கிளாக்குக்குக் காத்திருக்கிறது. எழுந்து வந்த ஊனோவோ, கம்பி எப்போது விடுபடும் என்று காத்திருக்கிறது.

மருந்து டிஎஸ்3231-இன் டேட்டாஷீட்டிலேயே (தயாரிப்பாளர் தரும் விவரக் குறிப்பிலேயே) இருந்தது: எஸ்டிஏ மேலே வரும்வரை எஸ்சிஎல்லைத் தட்டி, பிறகு ஸ்டார்ட் (புதிய பேச்சின் தொடக்கக் குறி) கொடுக்க வேண்டும். நிரலின் தொடக்கத்தில் அதைச் சேர்த்தேன். காண்டாக்டர் காயிலில் எழும் மின் அதிர்வை அடக்க ஸ்னப்பரும் போட்டேன். நான்கு வாரமாக டைமர் நிற்கவில்லை.

குறையும் சொல்ல வேண்டும். இது 0, 1 மட்டுமே காட்டும். கம்பியை மேலே இழுத்துப் பிடிக்கும் புல்அப் ரெசிஸ்டர் போதாமல் சிக்னல் சாய்ந்து ஏறினால் அந்தச் சாய்வு தெரியாது, அதற்கு மின்னழுத்தத்தின் வடிவத்தையே வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப்தான் வேண்டும். சோதிக்கும் சர்க்யூட்டையும் லேப்டாப்பையும் மின்சாரமாகப் பிரித்து வைக்கும் ஐசோலேஷனும் இல்லை. மோட்டார் பேனலில் மாட்டும்போது லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டே நான் வேலை செய்கிறேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.