தோட்டத்து ரயில்: ஆறு குளிர்காலத்துக்குப் பிறகு

புது வீட்டுக்குக் குடிபோன முதல் கோடையிலேயே தோட்டத்தில் ரயில் ஓட்டிப் பார்த்துவிடக் கை பரபரக்கும். அந்த அவசரத்தில் போட்ட தடத்தைத்தான் மூன்றாம் வருஷம் பிடுங்க வேண்டிவரும். தென்கிழக்கு இங்கிலாந்தின் களிமண் பூமியில், புதுக் குடியிருப்பு வீடு ஒன்றின் பின்தோட்டத்தில் போட்ட 45 மி.மீ. தடம் ஆறு குளிர்காலத்தைத் தாண்டிய பிறகு எழுதும் குறிப்புகள் இவை. எஞ்சினைப் பற்றி இதில் அதிகம் இருக்காது. தொல்லை கொடுத்தவற்றில் முக்கால்வாசி தண்டவாளத்துக்குக் கீழே இருந்தவை.

முதலில் தட அகலம். ஜெர்மனியின் நியூரம்பர்க்கில் லேமன் நிறுவனம் 1968-ல் எல்.ஜி.பி. என்ற பெயரில் கொண்டுவந்த 45 மி.மீ. தடம்தான் இன்று தோட்ட ரயில்களில் பரவலாகப் புழங்குகிறது. அளவு விகிதம் 1:22.5. நிஜ மீட்டர் கேஜை 22.5-ஆல் வகுத்தால் 44.4 மி.மீ. வரும், ஆகவே ஊட்டி மலை ரயிலைச் சிறிதாக்கி ஓட்ட விரும்புகிறவருக்குத் தடம் ஏற்கெனவே தயார், பெட்டியை மட்டும் கையால் செய்ய வேண்டும். பீக்கன்ஸ்ஃபீல்டில் 1929-ல் திறந்த பெக்கன்ஸ்காட் மாதிரி கிராமத்து ரயிலும் ஏறத்தாழ இதே அகலம்தான், மாதிரி ரயில்காரர்கள் அதைக் கேஜ் 1 என்பார்கள். வெட்டவெளியில் அது இன்னும் ஓடுகிறது. வெளியில் ரயில் நிலைக்குமா என்று கேட்பவர்களுக்கு அது போதும்.

இனி நிலம். புது வீட்டுத் தோட்டம் என்பது பெரும்பாலும் கனரக வண்டி ஏறி இறுகிய அடிமண்ணின் மேல் உருட்டி விரித்த புல்பாய். மண்வெட்டி போட்டால் அரைச் செங்கல்லும் உறைந்த சிமெண்டுக் கட்டியும் வரும். சாக்கடைக் குழாய்க்கும் மின்கம்பிக்கும் வெட்டி மூடிய பள்ளங்கள் அதற்கடியில் இருக்கும். மூடிய மண் ஒன்றிரண்டு வருஷம் அமர்ந்துகொண்டே இருக்கும். தடம் அந்தப் பள்ளங்களைக் கடக்கும் இடத்தில்தான் முதல் தொய்வு விழும். ஆகவே முதல் வருஷம் வேலை வேண்டாம், பார்த்துக்கொண்டிருங்கள். ஜனவரி மழையில் தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்த மூலை நாள் முழுக்க நிழலில் பாசி பிடிக்கிறது, ஆகஸ்டில் களிமண் எங்கே வெடிக்கிறது என்று காகிதத்தில் குறியுங்கள். வீட்டு வரைபடத்தில் குழாய் போகும் வழியையும் ஆள்துளை மூடிகளையும் பாருங்கள். மூடியின் மேல் தடம் போகவே கூடாது. அடைப்பு எடுக்க வருகிறவர் உங்கள் மலைப்பாலத்துக்காகக் காத்திருக்க மாட்டார்.

இன்னொன்று: வீட்டுச் சுவரையொட்டி மண்ணை மேடாக்காதீர்கள். சுவரில் ஈரம் ஏறாமல் தடுக்கும் படலத்துக்கு 150 மி.மீ. கீழேயே தரைமட்டம் இருக்க வேண்டும். தடத்துக்காக அதை ஏற்றினால் வீட்டுக்குள் சுவர் ஓதம் காக்கும்.

அந்த ஒரு வருஷத்தில் ரயில் ஓடாமல் இருக்க வேண்டியதில்லை. எஞ்சினும் தடமும் சேர்த்து விற்கும் தொடக்க செட்டோடு வரும் 600 மி.மீ. ஆர வளைவுகளைப் புல்தரையில் விரித்து ஓட்டுங்கள், 1.3 மீட்டர் சதுரம் போதும். நிலையான தடத்துக்கு மட்டும் அந்த வளைவைக் கொண்டுபோகாதீர்கள். நீளப் பெட்டிகள் அதில் மூக்கைத் துருத்திக்கொண்டு போகும், சக்கரம் உரசும், மோட்டார் திணறும். இடமிருந்தால் 2,320 மி.மீ. ஆரம், இல்லையென்றால் 1,195-க்குக் கீழே இறங்க வேண்டாம்.

கணக்கு இப்படி. 2,320 ஆரத்தில் முழு வட்டத்துக்கு 15 பாகை வளைவு 24 வேண்டும். நடுவில் இரு பக்கமும் 4.8 மீட்டர் நேர்த்தடம் சேர்த்தால் சுற்று 24.2 மீட்டர், நீளம் 9.5, அகலம் 4.7 மீட்டருக்குள். 11-க்கு 7 மீட்டர் தோட்டத்தில் நடக்க வழி விட்டு இது அமரும். நேர்த்தடத்தை 1,200 மி.மீ. துண்டுகளாக வாங்கினால் 8 போதும். மொத்தம் 32 துண்டு, இரு தண்டவாளத்துக்கும் சேர்த்து 64 இணைப்பு. அதையே 300 மி.மீ. துண்டுகளில் போட்டால் 112 இணைப்பு. வெளியில் ஒவ்வொரு இணைப்பும் ஒரு நோயாளி. பழைய சிறு துண்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன என்று வாங்கிக் குவிப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

தடம் தன்னைத்தானே மேலேறிக் கடக்கும் எட்டு வடிவம் எல்லாருக்கும் ஆசை. கீழ்த்தடத்துக்கும் மேல்தடத்துக்கும் இடையே 25 செ.மீ. உயரம் வேண்டும். 3 சதவீதச் சரிவில் ஏற 8.3 மீட்டர், இறங்க 8.3 மீட்டர்; சரிவு தொடங்கி முடியும் இடங்களில் மெல்ல வளைக்க இன்னும் கொஞ்சம். 24 மீட்டர் சுற்றில் நிலையம் வைக்கச் சமதளம் அதிகம் மிஞ்சாது. சின்னத் தோட்டத்தில் எட்டை மறந்துவிடுங்கள்.

தடத்துக்கு அடியில் போடும் கல் படுக்கைதான் இந்த வேலையின் உயிர். 25 செ.மீ. அகலம், 15 செ.மீ. ஆழம் வெட்டினோம். வெட்டிய மண் பொங்கி ஒரு கன மீட்டருக்கு மேல் வரும். அதைக் குவித்துக் கரை கட்டித் தடம் போட்டால் அடுத்த மழைக்காலத்தில் கரையும் அமரும், தடமும் அமரும். பூச்செடி மேட்டுக்குப் பயன்படுத்துங்கள். பள்ளத்தில் நெய்யப்பட்ட தோட்டத் துணி. அதன்மேல் தூளோடு கலந்த உடைகல் 10 செ.மீ.; இங்கே எம்.ஓ.டி. டைப் 1 என்று கேட்டால் தருவார்கள், 20 மி.மீ. அளவில் கிடைத்தால் நல்லது. ஐந்தைந்து செ.மீ. ஆகக் கொட்டித் திமிசு போட வேண்டும். இந்தச் சுற்றுக்கு அது ஒன்றேகால் டன், அதாவது ஒன்றரைப் பெரிய பை. மேலே 5 செ.மீ. கருங்கல் சிப்ஸ், 6 மி.மீ.க்குக் கீழ், 25 கிலோ மூட்டையில் 19.

சிப்ஸ் உடைத்த கல்லாக, முனை கூராக இருக்க வேண்டும். ஆற்றுக் கூழாங்கல் பார்க்க அழகு, தடத்துக்கு உதவாது. பட்டாணிக் குவியல் மேல் கட்டில் போட்ட கதைதான். துணியைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. அது களையைத் தடுக்கும் என்று போடுகிறார்கள். மூன்றாம் வருஷத்திலிருந்து விதைகள் மேலிருந்து விழுந்து ஜல்லிக்குள்ளேயே முளைக்கின்றன. கல் களிமண்ணுக்குள் புதையாமல் காப்பதுதான் துணியின் உண்மையான வேலை, அதை அது நன்றாகவே செய்கிறது.

பழைய குழாய்ப் பள்ளத்தைக் கடக்கும் இடத்தில் 1.2 மீட்டர் கான்கிரீட் லிண்டல் ஒன்றைக் குறுக்கே கிடத்தி, இரு முனையும் வெட்டாத மண்ணில் அமரவைத்து, அதன்மேல் தடத்தைக் கொண்டுபோனோம். மொத்தத் தடத்திலும் ஆறு வருஷமாகக் கை வைக்காத பகுதி அது ஒன்றுதான்.

முழுத் தடத்தையும் கான்கிரீட்டில் போட்டால் என்ன? மணல் பூமி என்றால் போடுங்கள். களிமண் கோடையில் சுருங்கும், குளிரில் வீங்கும். மெல்லிய கான்கிரீட் பட்டை இரண்டு மூன்று இடத்தில் வெடித்து, வெடித்த இடத்தில் படியாக நிற்கும். ஜல்லி தொய்ந்தால் தூக்கி நிரப்பலாம். சிமெண்டுப் படியைத் தூக்க முடியாது. மரக் கால்கள் மேல் உயர்த்திய தடமும் பார்த்தாயிற்று: தரையும் காற்றும் சேரும் அந்த ஓர் அங்குலத்தில் மரம் உளுத்துவிடும். உயர்த்தத்தான் வேண்டுமென்றால் மறுசுழற்சி பிளாஸ்டிக் கால்களே மேல்.

மட்டம் பார்க்க லேசர் தேவையில்லை. கொத்தனார் டியூப் மட்டமும் ஓர் அடி ரசமட்டமும் போதும். நீளவாட்டு மட்டத்தைவிடக் குறுக்கு மட்டம் முக்கியம். ரயில் ஓரளவு சரிவில் ஏறிவிடும். ஆனால் ஒரு தண்டவாளம் சட்டென்று 2 மி.மீ. தாழ்ந்தால் நான்கு சக்கர வண்டியில் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும், அடுத்த வளைவில் தடம் புரளும். சாய்வு இருந்தே தீருமென்றால் வளைவின் உட்புறம் சாயட்டும்.

தடத்தை எதோடும் திருகி இறுக்காதீர்கள். வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் கூடினால் பித்தளை மீட்டருக்கு 0.019 மி.மீ. நீளும். பனி இரவின் மைனஸ் 5-க்கும் வெயிலில் காய்ந்த தண்டவாளத்தின் 50-க்கும் இடையே 24 மீட்டர் சுற்று சுமார் 25 மி.மீ. நீண்டு சுருங்குகிறது. ஜல்லியில் மிதக்கும் தடம் வளைவுகளில் ஒரு விரல் நகர்ந்து சமாளித்துக்கொள்ளும். லிண்டல் மேலும் அப்படித்தான், திருகு கிடையாது. இரு முனையும் திருகிய நேர்த்தடம் ஜூலையில் பாம்பாக நெளியும். நிக்கல் சில்வர் சற்றுக் குறைவாக நீளும், கறுப்பதும் குறைவு. பீக்கோ நிறுவனத்தின் ஜி-45 தடம் அதில்தான் வருகிறது, ஆனால் தண்டவாளம் உயரம் குறைந்தது, மிதித்தால் தாங்காது. புல்வெட்டுகிறவர் நடமாடும் தோட்டத்துக்கு 8.4 மி.மீ. உயரப் பித்தளையே ஏற்றது.

மின்சாரம் தண்டவாளம் வழியாகப் போகவேண்டுமென்றால் தொழிற்சாலையிலிருந்து வரும் தகட்டு ஜாயினரை நம்பாதீர்கள். இரண்டாம் குளிர்காலத்தில் உள்ளே பச்சை பூக்கும், ரயில் தூரப்போகத் தூரப்போக மந்தமாகும். திருகி இறுக்கும் பித்தளைக் கிளாம்ப் போட்டு, 2.5 சதுர மி.மீ. கம்பியைத் தடத்தோடு ஓடவிட்டு ஆறு மீட்டருக்கு ஓரிடத்தில் இணைத்தால் சிக்கல் தீரும். மின்மாற்றி கொட்டகைக்குள், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.டி.க்குப் பின்னால், வெளியே வருவது 24 வோல்ட்டுக்குள் மட்டும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு எங்கள் பரிந்துரை பேட்டரியும் ரேடியோ ரிமோட்டும். 64 கிளாம்ப், கம்பி, பெரிய மின்மாற்றி, வாராவாரம் தண்டவாளம் தேய்ப்பது எல்லாம் மிச்சம். 18650 என்ற அளவு உருளை லித்தியம் செல் நான்கு தொடராக, 14.8 வோல்ட், 3,000 மில்லிஆம்பியர் மணி. நடுத்தர எஞ்சின் விளக்கில்லாப் பெட்டி நான்கை இழுத்துக்கொண்டு இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும். பாதுகாப்புச் சுற்று இல்லாத பேட்டரிக் கட்டை வாங்கவே வேண்டாம். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போட்டால் செல் கெடும். ஜனவரியில் கொட்டகையில் அல்ல, வீட்டுக்குள் சார்ஜ் போடுங்கள். குறை ஒன்று உண்டு. சிறு எஞ்சினுக்குள் இடம் போதாது, பேட்டரிக்கென்றே ஒரு சரக்குப் பெட்டியை இழுத்துத் திரிய வேண்டும்.

ரயிலை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் பாயிண்டுகளை ஜல்லியில் வைக்காமல் சிமெண்டுப் பலகை மேல் வையுங்கள். நாக்குக்கும் தண்டவாளத்துக்கும் இடையே ஒரு சிப்ஸ் சிக்கினால் போதும், முன்சக்கரம் ஒரு வழி, பின்சக்கரம் ஒரு வழி. அதே பெட்டி மட்டும் அதே பாயிண்டில் புரண்டால் தடத்தைக் குறைசொல்லும் முன் வெர்னியர் எடுத்துச் சக்கர இடைவெளியை அளந்து பாருங்கள். இரு சக்கரத்தின் உட்பக்கங்களுக்கு இடையே 40 மி.மீ. இருக்க வேண்டும், பிளாஸ்டிக் சக்கரங்களில் இது குறைந்திருப்பது வழக்கம். உலோகச் சக்கரம் மாற்றினால் எடை கீழே இறங்கி ஓட்டமும் சீராகும்.

இலையுதிர் காலத்தில் பிரிட்டிஷ் ரயில்வே படும் பாட்டைத் தோட்டத்திலும் படலாம். நசுங்கிய இலை கறுப்புப் படலமாக ஒட்டும், சக்கரம் வழுக்கும். அங்கே தண்ணீர் பீய்ச்சும் வண்டி வரும். இங்கே நீளக் கம்பில் மாட்டிய பச்சை நைலான் தேய்ப்பான். துரு நீக்கும் எண்ணெய் எதையும் தண்டவாளத்தில் தெளிக்கக் கூடாது, அப்புறம் சமதளத்திலும் எஞ்சின் வழுக்கும். களைக்கு உப்பும் வினிகரும் தெளிக்கச் சொல்வார்கள். களை சாகும், பித்தளையும் சேர்ந்து அரிக்கும். கருங்குருவிகள் புழு தேடி ஜல்லியை வாரி இறைப்பதற்குத்தான் இன்றுவரை மருந்து கிடைக்கவில்லை. ஓட்டுவதற்கு முன் ஒரு பெயிண்ட் பிரஷ்ஷோடு சுற்றி வருவது பழகிவிட்டது.

செடியில் தைம் என்ற மூலிகை படர்ந்தால் அழகு, மிதித்தாலும் பிழைக்கும். புதினாவும் ஐவிக் கொடியும் வேண்டாம். குட்டை ஆல்பர்ட்டா ஸ்ப்ரூஸ் பெயரில்தான் குட்டை; விட்டுவைத்தால் ஆள் உயரம் தாண்டும், வெயில் மூலையில் செம்பேன் பிடிக்கும். மாதிரிக் கட்டடங்களை நவம்பரில் உள்ளே எடுத்துவிடுங்கள். பிளைவுட்டில் செய்தது இரண்டாம் வருஷம் ஏடு ஏடாகப் பிரியும். சுரங்கம் கட்டினால் எந்தப் பக்கத்திலிருந்தும் கை எட்டும் நீளத்துக்கு மேல் வேண்டாம், அல்லது கூரை கழலட்டும். கெட்டுப்போகும் ரயில் சுரங்கத்தின் நடுவில்தான் நிற்கும்.

வருஷப் பராமரிப்பு மார்ச் மாதத்தில் ஒரு சனி ஞாயிறு. குறுக்கு மட்டம் பார்த்துத் தொய்ந்த இடத்தைத் தூக்கி அடியில் சிப்ஸ் திணிப்பது, கிளாம்ப் திருகுகளை இறுக்குவது, நான்கைந்து மூட்டை சிப்ஸ் நிரப்புவது. முதல் இரண்டு வருஷம் இதற்கு நான்கு நாள் ஆனது; மண் அமர அமரக் குறைந்தது.

மறுபடி போடுவதானால் ஒன்றை மட்டும் முதலிலேயே செய்வோம்: கிளைத்தடம் ஒன்றைக் கொட்டகைச் சுவர் வழியாக உள்ளே கொண்டுபோவது. வீட்டுக்குள்ளிருந்து பெட்டி பெட்டியாகத் தூக்கிவந்து அடுக்கினால் அரை மணி நேரம் போகிறது, மாலையில் ஓட்டும் ஆசையும் போகிறது. சுவரில் 20 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரத்தில் துளை போதும். கதவு போடுங்கள், கீல் மேலே இருக்கட்டும், உட்பக்கம் தகடு அடியுங்கள். வெறும் மரமென்றால் அக்டோபருக்குள் எலி அரித்து வழி செய்துவிடும்.