எண்ணிப் பழக எந்தச் சீட்டுக்கட்டு: காகிதமா, பிளாஸ்டிக்கா?

பாரிமுனை, ஈவினிங் பஜார் பக்கம் மொத்த விலைக் கடைகளில் சீட்டுக்கட்டு இரண்டு வகையில் கிடைக்கிறது. பூச்சு கொடுத்த காகிதம் ஒன்று, முழு பிளாஸ்டிக் ஒன்று. வீட்டில் ரம்மி போட எதுவும் போதும். பிளாக்ஜாக்கில் (21-ஐத் தாண்டாமல் கேசினோவை வெல்லப் பார்க்கும் சீட்டாட்டம்) சீட்டெண்ணி, அதாவது விழுந்த சீட்டுகளைக் கணக்கு வைத்து மீதியில் பெரிய சீட்டு அதிகமா என்று கணிக்கப் பழகுகிறவர்கள், காகிதத்தைத் தொடவே வேண்டாம்.

கடல் காற்றுதான் காரணம். ராயபுரம், காசிமேடு வீடுகளில் காகிதச் சீட்டு ஈரம் குடித்து உப்பும், ஓரம் வளையும், இரண்டிரண்டாக ஒட்டிக்கொள்ளும். ஹை-லோ என்ற எண்ணும் முறையில், விழும் சீட்டு 2 முதல் 6 வரை என்றால் கூட்டல் 1. 7, 8, 9 பூஜ்ஜியம். 10, ஜாக்கி, ராணி, ராஜா, ஆசு கழித்தல் 1. ஜோக்கரை எடுத்துவிட்டு 52-ஐயும் தள்ளினால் பூஜ்ஜியத்தில் முடிய வேண்டும். ஒட்டிய சீட்டு ஒன்று கண்ணுக்குத் தப்பினால் கணக்கு இடிக்கும். தப்பு மனசிலா சீட்டுக்கட்டிலா என்றே தெரியாது. ஒரு சீட்டைக் கவிழ்த்து ஒதுக்கி 51-ஐ எண்ணிப் பாருங்கள். கூட்டல் 1 வந்தால் ஒதுக்கியது பத்தோ படமோ ஆசோ. 30 வினாடிக்குள் முடிக்கப் பழகுங்கள்.

ஆறு கட்டு ஆட்டத்தில் உப்பல் இன்னும் கெடுக்கும். எண்ணிக்கையை மீதிக் கட்டுகளால் வகுக்க வேண்டும். மீதி எத்தனை என்பதை, ஆடி முடித்துத் தள்ளிய குவியலின் உயரம் பார்த்துத்தான் கணிக்கிறோம். தள்ளிய 3 கட்டு உப்பி மூன்றரை போலத் தெரிந்தால், மீதி 3-க்குப் பதில் இரண்டரை என்று நினைப்போம். எண்ணிக்கை 6 என்றால், 3-ஆல் வகுத்து 2 வர வேண்டிய இடத்தில் 2.4 வரும். ஒட்டாமலிருக்க கேரம் பவுடர் தூவுகிறார்கள். வியர்வையோடு சேர்ந்து அழுக்காகப் படியும், செய்யாதீர்கள்.

பிளாஸ்டிக்கை ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஆனால் புதிதில் வழுக்கும், சின்னச் சின்னப் பிடியாகத்தான் கலைக்க முடியும். மடிந்தால் வெள்ளைக் கோடு விழும், பிறகு அந்தச் சீட்டு முதுகிலேயே தெரிந்துவிடும். எண் பெரிதாக அச்சான கட்டையே கேளுங்கள். கீழ் மூலையில் தலைகீழாக இருக்கும் 6, வேகத்தில் 9 போலத் தெரியும். ஒன்று கூட்டல் 1, மற்றது பூஜ்ஜியம். கண் இடது மேல் மூலையிலேயே இருக்கட்டும். ஆறு கட்டும் ஒரே வகையாக வாங்குங்கள், உயரம் மாறினால் கணிப்பும் மாறும்.

தமிழ்நாட்டில் கேசினோ கிடையாது, கோவா, சிக்கிமில்தான். இங்கே காசு வைக்காமல் புளியங்கொட்டை வைத்துப் பழகலாம். 200 கொட்டை எடுத்துக்கொண்டு, ஆட்டத்துக்கு ஒன்று வையுங்கள். 100 ஆட்டத்தில் 11 கொட்டை ஏறுவதும் இறங்குவதும் சகஜம். வகுத்து வந்த எண்ணிக்கை ஒரு புள்ளி ஏறினால் கிடைக்கும் சாதகம் அரை சதவீதம்தான். அதனால் எண்ணிக்கை 2 வந்தால் 2 கொட்டை, 3 வந்தால் 3. அதற்கு மேல் 4-ஐத் தாண்ட வேண்டாம். கையிருப்பு 100-க்கு வந்துவிட்டால் இந்த அளவுகளையும் பாதியாக்குங்கள், அதாவது ஆட்டத்துக்கு ஒன்று வைத்த இடத்தில் இரண்டு ஆட்டத்துக்கு ஒரு கொட்டை.