28,500 ரூபாய் போச்சு: ரப்பர் பாலுக்கு வால்வு வாங்குகிறவர்கள் பார்த்து வாங்குங்கள்

நேற்று ராத்திரிதான் மூன்று வால்வையும் கழற்றி இறக்கினோம். கையில் அமோனியா நாற்றம் இன்னும் போகவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

குமரி மாவட்டத்தில் சின்னதாக ஒரு கையுறை யூனிட் வைத்திருக்கிறேன். 60 சதவீத ரப்பர் பால்தான் சரக்கு. இடுக்கில் அழுத்தித் தள்ளினால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பால் திரிந்துவிடும். அதனால் பிஞ்ச் வால்வு, அதாவது உள்ளே இருக்கும் ரப்பர் குழாயை நசுக்கி மூடும் வால்வு தேடினேன். அதில் பால் படுவது அந்தக் குழாயில் (ஸ்லீவ்) மட்டும்தான்.

தொழிற்சாலைச் சாமான் விற்கும் ஓர் இணையச் சந்தையில் ஒருவர் மாட்டினார். மாட்டியது நான்தான் என்பது அப்புறம் தெரிந்தது. போனை எடுத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: “அமோனியா 0.7 சதவீதமா சார்?”

பால் கெடாமல் இருக்க அமோனியா கலந்திருக்கும், அதன் அளவைத்தான் கேட்டார். அங்கேதான் விழுந்தேன். விஷயம் தெரிந்த ஆள் என்று நினைத்துவிட்டேன். “பிஞ்ச் வால்வுல ஸ்லீவ் அடிக்கடி மாத்தணும் சார். ஃபுல் போர் ‘ball’ வால்வு போடுங்க, முழுக்க 316 ஸ்டீல். பாதி திறந்து வச்சு ஃப்ளோவைக் குறைச்சுக்கலாம்” என்றார். ஓட்டை போட்ட உருண்டை ஒன்று உள்ளே திரும்பித் திறந்து மூடும் வால்வு அது. ஃபுல் போர் என்றால் அந்த ஓட்டை குழாய் அளவுக்கே இருக்கும்; 316 என்பது துருப்பிடிக்காத எஃகில் ஒரு வகை. 28,500 ரூபாயையும் முன்பணமாகவே அனுப்பினேன்.

பெட்டி வந்த அன்று நான் ஊரில் இல்லை, ஃபிட்டர் தம்பி மாட்டிவிட்டான். பத்தாம் நாள் ஃபில்டரில் பன்னீர் மாதிரி கட்டிகள். கழற்றிப் பார்த்தால் 2 அங்குல வால்வுக்குள் ஒன்றரை அங்குல ஓட்டை. உருண்டையைச் சுற்றியிருந்த இடுக்கில் திரிந்த பால், ஓரத்தில் நீலக் கறை. கத்தியால் சுரண்டினேன். குரோம் பூச்சு உரிந்து மஞ்சளாகப் பித்தளை! அமோனியாவில் பித்தளை கரைந்தால்தான் அந்த நீலம் வரும். பித்தளையில் இருக்கும் செம்பு பாலில் கலந்தால் கையுறை சீக்கிரம் கெட்டுப்போகும், அந்த பேட்ச் முழுக்கக் கொட்டினோம்.

போன் செய்தால், “மாட்டினதுல தப்பு சார்.” மறுநாள், “உங்க பால் பழசு சார்.” பாலின் ஸ்டெபிலிட்டி ரிப்போர்ட்டை அனுப்பினேன். வேகமாகக் கலக்கும்போது திரியாமல் குறைந்தது 650 விநாடி தாங்க வேண்டும், எங்கள் பால் 900 தாண்டியிருந்தது. நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. அந்தச் சந்தைக்காரர்களோ, “நாங்கள் அறிமுகம் செய்துவைப்பவர்கள் மட்டுமே” என்று முடித்துக்கொண்டார்கள். 28,500 ரூபாய்க்கு நல்ல அறிமுகம்!

எந்த வால்வு எதற்கு என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. மாட்டும் முன் ஓட்டையை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். உருண்டையை ஒரு மூலையில் சுரண்டிப் பாருங்கள். பால் போகும் லைனில் எந்த வால்வையும் பாதி திறந்து வைக்காதீர்கள், வேகத்தைப் பம்பில் குறையுங்கள். பில்லில் “316” என்று எழுதி வாங்குங்கள். என் பில்லில் “வால்வு – 3” என்று மட்டும்தான் இருக்கிறது.