ரெய்பாஸா, கூஸுஸியா?

பின்லாந்தின் லாஹ்தி நகரத்தில் ரெய்பாஸ், கூஸுஸி என்று இரண்டு பழைய கால்பந்து கிளப்புகள். ஒரு காலத்தில் தேசிய சாம்பியன்கள், இப்போது கீழ்மட்ட லீக்குகளில் ஆடுகிறார்கள். யார் பக்கம் நிற்பது?

ரெய்பாஸ் என்றால் 'சுறுசுறுப்பு'. 1891-இல், அப்போது பின்லாந்தில் இருந்த வீபுரி நகரத்தில் தொடங்கிய கிளப். இரண்டாம் உலகப் போரில் அந்த ஊரே சோவியத் கைக்குப் போனதால், மக்களோடு சேர்ந்து கிளப்பும் அகதியாக லாஹ்திக்கு வந்தது. 1963, 1967, 1970 என மூன்று லீக் பட்டங்கள். அப்புறம் யாரி லித்மானென்! 1995-இல் நெதர்லாந்தின் அயாக்ஸ் அணிக்காக ஆடி சாம்பியன்ஸ் லீக் வென்றவர், பெரியவர்கள் அணியில் முதலில் ஆடியது இங்கேதான். அவர் அப்பாவும் ரெய்பாஸ்காரர்.

கூஸுஸி 1934-இல் 'உபோன் பல்லோ' என்ற பெயரில் பிறந்தது. பிறகு 'லாஹ்தி-69' ஆனது. அந்த அறுபத்தொன்பதைப் பின்னிஷ் பேச்சுவழக்கில் சொன்னால் கூஸுஸி, அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. பட்டக் கணக்கில் இவர்கள்தான் மேல், 1982 முதல் 1991 வரை ஐந்து. 1985-86 ஐரோப்பியக் கோப்பையில் ஜெனித் லெனின்கிராதை வெளியேற்றிக் காலிறுதிக்கே போய்விட்டார்கள். அங்கே புகாரெஸ்டில் ருமேனியாவின் ஸ்டெயாவா அணிக்கு எதிராக 0-0, ஹெல்சின்கியில் கடைசி நிமிடங்களில் வாங்கிய ஒரே கோலில் தோல்வி. அந்த ஸ்டெயாவாதான் கடைசியில் கோப்பையையும் தூக்கியது, வயிறு எரியாதா?

1996-இல் இரண்டையும் இணைத்து எஃப்சி லாஹ்தி வந்தது, ஆனாலும் பழைய பெயர்கள் சாகவில்லை. கோப்பை எண்ணுபவர்களுக்குக் கூஸுஸி சரி. நான் ரெய்பாஸ் பக்கம், ஊரை இழந்தும் பெயரை விடாத கிளப் அது.