கல்லடி ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் எப்பிடி?

மூணு மாசமா மட்டக்களப்பு கல்லடியில பின்னேரக் கிளாஸ் ஒண்டுக்குப் போறன், கிராமர் சுமார்தான் ஆனா ஒரே மாதிரிக் கிடக்கிற சொல்லுகள மிஸ் பிரிச்சுக் காட்டுறது வேற லெவல். பாலத்தால போகக்குள்ள வாவி தானாக் கண்ணுல பட்டா சீ, வேணுமெண்டு அந்தப் பக்கம் கிறுகிப் பாத்தா லுக், தோணிக்காரர் வலை வீசுறத நிண்டு பாத்துக்கொண்டே இருந்தா வோச். நாமளும் 'கண்ட', 'பாத்த' எண்டு பிரிச்சுத்தானே கதைக்கிற, லுக்கும் வோச்சும்தான் குழப்புது.

மறுகா இரவல் வாங்கினா பொரோ, குடுத்தா லெண்ட். நான் இவ்வளவு நாளும் ஒபிசில "பொரோ மீ யுவர் பென்" எண்டு கேட்டுத் திரிஞ்சிருக்கன், ஒருத்தரும் திருத்தல்ல!

குறை எண்டா 40 பேருக்கு ஒரே ஃபேன், பின் வாங்குல இருந்தா ஒண்டும் கேக்காது, வெள்ளனப் போய் முன்னுக்கு இடம் புடிங்க.